தகப்பனைத் தூக்குவதற்கான கொள்முதல்

பெற்றவரைத் தாங்கிப் பிடிக்கும் தோளின் விலை ஆறாயிரத்து அறுநூறு. மாடிக்கு ஏற்றும் கூலி தனி. இதைவிட மலிவாக இந்த உலகில் எந்த மகனும் தோள் வாங்கியதில்லை என்று அடித்துச் சொல்லலாம்.

வாங்கியவர் சாமானியரா? பெயின்ட் தொழிற்சாலையின் கொள்முதல் மேலாளர். குண்டூசி வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு, மூன்றையும் மோதவிட்டு, ஜெயித்தவன் சொன்ன விலைக்கும் கீழே தோற்றவனிடம் வாங்குகிறவர். அலுவலகத்தில் அவருக்கு 'கொட்டேஷன்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். காதில் விழும்போது அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொள்வார்.

அவருடைய தகப்பனார் தானிய மண்டி நடத்தி ஓய்ந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் தகடு வைத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்மணி கட்டிலருகே நின்று தெளிவாகச் சொன்னார்:

"காலையும் சாயந்தரமும் ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சு இவரை நிக்க வைக்கணும். ஒருத்தரால முடியாது, விழுந்துடுவார். இந்த மூணு மாசத்தை விட்டுட்டா கால் மறந்துடும். அப்புறம் படுக்கைதான்."

அன்று மாலையே கொட்டேஷன் தகப்பனின் அக்குளில் கை கொடுத்துக் குனிந்தார். இடுப்பில் ஏதோ ஒன்று 'சுளீர்' என்றது. அற்பர்களாக இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் மறுபடி குனிந்திருப்பார்கள். அவர் பிரச்சினையின் வேரைப் பார்த்தார். உள்கட்டமைப்பு போதவில்லை.

"தகுதி இல்லாதவன் தகப்பனைத் தொடக்கூடாது. முதல்ல வலிமை, அப்புறம்தான் தூக்கறது" என்று கூடத்தில் நின்று அறிவித்தார். வீட்டுக்கே ஜிம் கொண்டுவருவது என்று கொள்கை முடிவு எடுக்கப்பட்டது. அதுவரை, 'இடைக்கால ஏற்பாடாக', தூக்கும் பொறுப்பு மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டது.

மனைவி கூடத்து மூலையில் பள்ளிச் சீருடை தைத்துச் சம்பாதிக்கிறவள். மாமனார் குரல் கேட்டால் பாதிக் காலரை ஊசிக்கடியில் விட்டுவிட்டு ஓடுவாள். அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பாள். அங்கிருந்து கழிப்பறை, திரும்பவும் கட்டில். உட்காரவைக்க அவள் ஒருத்தி போதும். நிற்கவைக்கத்தான் இரண்டாவது ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் கொள்முதலில் இருந்தார்.

கொள்முதல் குழு ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேஜையில் கூடியது. தலைவர் கொட்டேஷன். தொழில்நுட்ப ஆலோசகர் அவருடைய மைத்துனன். மாதச் சந்தா கட்டி ஜிம்முக்குப் போய்க் கண்ணாடி பார்த்துவிட்டு வருகிறவன். செயலாளர், கல்லூரியில் படிக்கும் மகள்.

"அப்பா, ஆரம்பிக்கிறவங்களுக்கு ரப்பர் பட்டை போதும். இழுத்து இழுத்துப் பழகலாம். ஐந்நூறு ரூபாதான்" என்றாள் செயலாளர்.

"எடை என்ன?"

"இருநூறு கிராம் இருக்கும்."

கொட்டேஷன் கால்குலேட்டரைத் தட்டினார். முகம் வெளுத்தது. "கிலோ ரெண்டாயிரத்து ஐந்நூறா! ரப்பரா, குங்குமப்பூவா?"

"அத்தான், இதையெல்லாம் கிலோ கணக்குல பாக்கக் கூடாது" என்றான் மைத்துனன்.

"எடைதானே வாங்கறோம்? எடை வாங்கப்போற இடத்துல கிலோ விலை கேக்காம, மீட்டர் விலையா கேப்பாங்க?"

இனி எல்லாக் கருவியும் கிலோ விலையில்தான் ஒப்பிடப்படும் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அப்போது உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, ரெண்டே நிமிஷம் வந்து ஒரு பக்கம் பிடிங்களேன். மாமாவை நிக்க வச்சுப் பாக்கலாம்."

"அதுக்குத்தானே இங்க மண்டையை உடைச்சிக்கறோம்! நடுவுல கூப்பிட்டா எப்படி?"

மைத்துனன் எழுந்தான். "நான் வேணா போய்ப் பிடிக்கிறேன், அத்தான்."

"உட்காரு. நீ எழுந்தா கூட்டத்துக்குக் கோரம் இல்லாமப் போயிடும்."

உள்ளேயிருந்து கிழவரின் குரல் மட்டும் கூடத்துக்கு நடந்து வந்தது. "ஏம்மா, உன் புருஷன் என்னைத் தூக்க இரும்பு தேடறானா, புதைக்க இடம் தேடறானா?"

வாரங்கள் ஓடின. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல் கிலோ இருநூற்றெண்பதில் நிராகரிக்கப்பட்டது. படுத்துப் பயிற்சி செய்யும் பெஞ்ச், அதன் எடையில் பாதி பஞ்சு என்று தெரிந்ததும் 'மோசடி' என்று ஒதுக்கப்பட்டது. மனைவி இப்போதெல்லாம் தையல் மெஷினிலிருந்து எழும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அது குழுவின் வரம்புக்குள் வராத விஷயம்.

பிசியோதெரபிஸ்ட் மறுபடி வந்தார். கிழவரின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "சதை கரைஞ்சுக்கிட்டே போகுது. இன்னுமா நிக்க வைக்கல?"

"டெண்டர் நிலையில இருக்கு மேடம்" என்றார் கொட்டேஷன், மரியாதையாக.

"எது?"

அவர் ஒப்பீட்டு அட்டவணையை எடுத்துக் காட்டினார். அந்த அம்மாள் அதைப் பார்க்கவில்லை. "நான் சொன்ன மூணு மாசம் முடியப்போகுது சார். இந்த வாரம் நிக்கலைன்னா என்னை இனிமே கூப்பிடாதீங்க. நான் வந்து பிரயோஜனமில்ல."

அவசரக் கொள்முதல் விதி அமலுக்கு வந்தது. இழுத்து மூடப்போகும் ஒரு ஜிம்முக்குக் கொட்டேஷன் நேரிலேயே போனார். முதலாளி இருந்ததையெல்லாம் தரையில் பரப்பியிருந்தார்.

"புதுசா பழகறீங்களா சார்? இந்தச் சின்ன டம்பெல் ஜோடி எடுத்துக்கங்க. அஞ்சஞ்சு கிலோ."

"கிலோ என்ன?"

"முந்நூறு."

"அந்த மூலையில கெடக்கறது?"

"அது வேணாம் சார். அறுபது கிலோ. தட்டெல்லாம் தண்டோட பத்தவச்சது, பிரிக்க முடியாது. பழகினவங்களே தொட மாட்டாங்க."

"யாரும் தொடலைன்னா விலை இறங்கணுமே?"

"நூத்தம்பது போட்டுக்கங்க."

"தொண்ணூறு."

"பழைய இரும்பு எடுக்கறவனே தொண்ணூறு தருவான் சார்!"

"அப்ப அவன்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

ஒரு மணி நேரம் போர் நடந்தது. கடைசியில் நூற்றுப் பத்துக்கு முதலாளி சரணடைந்தார். அட்டவணையிலேயே மிகக் குறைந்த விலை! தன் வாழ்நாளின் தலைசிறந்த பேரம் என்று கொட்டேஷனின் மார்பு விம்மியது. எந்தப் பயிற்சியும் செய்யாமலே அன்று அது இரண்டு அங்குலம் கூடியிருக்கும்.

மறுநாள் சுமைகூலிக்காரர் ஒருவர் இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். முன்னால் கொட்டேஷன் வெறுங்கையோடு ஏறி, "சுவத்துல படாம... திரும்பு... மெதுவா" என்று பாதிச் சுமையை வாயால் சுமந்தார். கூடத்து மூலையில் இரும்பு இறங்கியபோது தையல் மெஷின் ஒரு துள்ளு துள்ளியது.

கொட்டேஷன் கொஞ்சம் குனிந்து தண்டைத் தொட்டுப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "திடமான பொருள்" என்று திருப்தியோடு நிமிர்ந்தார்.

"கூலி முந்நூறு சார்."

"இருநூறுன்னுதானே பேச்சு?"

"ஒரு மாடின்னு சொன்னீங்க. இது ரெண்டு."

"மாடி ரெண்டுதான். படியெல்லாம் உயரம் கம்மி, பாத்தேல்ல?"

"ஏங்க!" உள்ளேயிருந்து மனைவியின் குரல். "வழுக்கறார்! பிடிங்க!"

"பேசிக்கிட்டிருக்கேன்ல!" என்றார் கொட்டேஷன்.

கூலிக்காரர் பேசிக்கொண்டிருக்கவில்லை. துண்டில் கையைத் துடைத்தபடி உள்ளே பாய்ந்தார். நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்த கிழவரின் ஒரு பக்கம் மருமகள் இருந்தாள். மறு பக்கத்தை அவர் பிடித்தார். பிடித்த வேகத்தில் இருவருமாகத் தூக்க, கிழவரின் பாதம் இரண்டும் தரையில் பதிந்தன.

நின்றார். கால்கள் வெடவெடவென்று ஆடின. ஆனாலும் நின்றார்.

"மாமா!" என்றாள் மருமகள்.

"பிடியை விட்டுடாதீங்க" என்றார் கிழவர். "தரை அதே இடத்துலதான்மா இருக்கு."

அறை வாசலுக்கு வந்து பார்த்த கொட்டேஷனின் கண்கள் கலங்கின. கலங்கிய கண்ணாலேயே கணக்கும் போட்டார். "இரும்புக்குக் கூலி முந்நூறு சொன்னே. அப்பாவைப் பிடிச்சதுக்கு எவ்வளவு?"

"அதுக்கெல்லாம் காசு வாங்குவாங்களா சார்?"

பூஜ்யம்! இப்படியொரு கொட்டேஷனை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. "அப்ப தினமும் காலையும் சாயந்தரமும் இதே ரேட்டுக்கு வந்துட்டுப் போயேன்?"

கூலிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"எனக்கு இன்னும் வலிமை வரலப்பா. கருவியே இப்பத்தானே வந்திருக்கு. முதல்ல அது நிக்கிறதுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கணும். மூணு இடத்துல கேட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடத்து மூலைக்குப் போனார்.

கிழவர் மண்டியில் கணக்கு முடிக்கும் குரலை வெகுநாள் கழித்து எடுத்தார். "அம்மா, நான் நிக்கும்போதே கணக்கைச் சொல்லிடறேன், கேட்டுக்கோ. இரும்புக்காரனுக்குக் காசு குடுத்தாச்சு. இந்தத் தம்பிக்குக் கூலி முந்நூறு, குறைக்காம குடு. இத்தனை நாள் தூக்கினது எல்லாம் உன் பேர்ல வரவு. நிக்க வச்சது தம்பி பேர்ல வரவு. எல்லாம் நேராயிடுச்சு. பெத்து வளத்த வகையில ஒரே ஒரு பாக்கிதான் வசூலாகல. அந்தா மூலையில குனிஞ்சு இரும்பை அளந்துக்கிட்டிருக்கு பாரு. அதை வாராக்கடன்னு எழுதிடு."