சேர்மனின் வீடு ஒழுகுகிறது

மரியாதைக்குரிய சங்கப் பத்திரிகை ஆசிரியர் நெவில் அவர்களே, நம் மீன் வளர்ப்போர் சங்கத்து மக்களே, எல்லோரும் உட்கார்ந்துகொள்ளுங்கள், சேர்மனுக்கு வீடு கிடைத்துவிட்டது, முழுசான வீடு, விரிசல் இல்லாத வீடு, சொட்டு ஒழுகாத வீடு!

நீங்களும் உங்கள் நியான் மீன்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாண்ட்கேட்டில் நானும், வீட்டைப் பங்குபோட்டு இருக்கிற ப்ரான்ட்டியும் லாக்கியும் நலம். எங்கள் சாப்பாட்டு அறைத் தரைதான் நலமில்லை. பேனாவில் எழுதினால்தான் நீங்கள் படிப்பீர்கள் என்பதால் பேனாவில் எழுதுகிறேன். கை வலிக்கிறது, பரவாயில்லை.

சேர்மன் யார் என்று கேட்கும் புது உறுப்பினர்களுக்கு: என் ஆஸ்கார் மீன். வாடகை ஒப்பந்தத்தில் "ஒரு சிறு மீன் வைத்துக்கொள்ளலாம்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று அவர் சிறு மீன்தான். இப்போது சாப்பாட்டுத் தட்டு சைஸ். தொட்டியில் எந்தக் கல்லை எங்கே வைத்தாலும் அவருக்குப் பிடிக்காது, மூக்கால் தள்ளித் தள்ளி இடம் மாற்றுவார், அப்படி மாற்றும்போதுதான் ஒருநாள் கல்லைக் கொண்டுபோய்ப் பின்பக்கக் கண்ணாடியில் சாத்தினார். கீழ் மூலையிலிருந்து ஒரு கோடு மேலே ஏறியது. நான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், 'இதையெல்லாம் நீதான் கவனிச்சிருக்கணும்' என்கிற மாதிரி.

உடனே தூக்கி பாத்டப்பில் விட்டோம். எங்கள் வீட்டில் ஷவரும் அதே பாத்டப்புக்கு மேலேதான் இருக்கிறது. அதனால் லாக்கி ஊர் நீச்சல் குளத்தில் குளித்தான். ப்ரான்ட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ட்யூட்டி முடிந்து வந்து தோட்டத்து ஹோஸ் பைப்பில் குளித்தாள், பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு மேலே தலையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். மறுநாள் காலையில் டோஸ்ட்டில் வெஜிமைட் தடவிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள். அவள் அமைதியாகச் சொன்னால் அது நடந்தே தீரும்.

"வெள்ளிக்கிழமை வீட்டை எப்படி வெச்சிருக்கோம்னு பார்க்க வாடகை ஏஜென்ட் வர்றாங்க கிர்ரா. அதுக்குள்ள அவன் பாத்டப்பைக் காலி பண்ணணும். இல்லைன்னா கடையில திருப்பிக் குடுத்துடு. ரெண்டும் முடியாதுன்னா நான் வேற வீடு பாத்துக்கறேன்."

சேர்மனைக் கடைக்கா? அந்தக் கடையில் அவருக்குப் பக்கத்தில் தங்கமீன்களை வைப்பார்கள். அவர் தின்றுவிடுவார். கெட்ட பெயர் அவருக்கு வரும்.

விரிசல் விட்ட தொட்டியை என்ன செய்வது என்று போனில் உங்களைக் கேட்டேன், "போட்டு உடைம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். என் மீன் வீடியோ சேனலில் ஓட்டெடுப்பு வைத்தேன். செடி வளர்க்கச் சொன்னார்கள், பல்லி வளர்க்கச் சொன்னார்கள், சிலிக்கான் வைத்து ஒட்டச் சொன்னவர்கள்தான் ஜெயித்தார்கள். நானும் வீடியோ பார்த்து ஒட்டினேன், என் கட்டைவிரலும் போன் கவரும் நன்றாக ஒட்டிக்கொண்டன, தொட்டி ஒட்டவில்லை.

அந்த வாரம்தான் கவுன்சில் லாரி பழைய சாமான் எடுக்க வருகிற வாரம். உங்களுக்குத் தெரியாததா, தெருவே ஓட்டை சோபாவையும் கால் போன நாற்காலியையும் வாசல் புல்லில் கொண்டுவந்து வைக்கும், லாரி வருவதற்குள் பாதியை அக்கம்பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடும், அதில் பாதி அடுத்த தடவை வேறு வாசலில் வந்து நிற்கும். எங்கள் சாப்பாட்டு மேஜையே அப்படி வந்ததுதான். ஆகவே நானும் தொட்டியைப் புல்லில் வைத்தேன். நான் மனசாட்சி உள்ளவள் நெவில், 'இது ஒழுகும்' என்று எழுதி ஒட்டலாம் என்று பேனா தேட உள்ளே போனேன். இந்த வீட்டில் மூன்று பேர், சார்ஜர் கூடை நிறைய இருக்கிறது, பேனா ஒன்றுகூட இல்லை. லாக்கியின் கார் சீட்டுக்கு அடியில் ஒன்றைக் கண்டுபிடித்துத் திரும்பினால் புல்லில் தொட்டி இருந்த தடம் மட்டும்தான் இருந்தது.

சரி, போனது போகட்டும் என்று நாங்களும் வேறு தொட்டி தேடி வாசல் வாசலாக வண்டியில் ஊர்ந்தோம். வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், நாலைந்து தெரு தள்ளி, கடவுளே, ஒரு தொட்டி! எங்கள் பழைய தொட்டி சைஸ், பின்பக்கம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட், படு ஸ்டைல். லாக்கியும் நானும் வாரிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தோம். புதுத் தொட்டியை ஒருநாள் முழுக்க வெளியில் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்க்க வேண்டும் என்று என் சேனலில் எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். நேரமில்லை. வெள்ளி காலை நிரப்பினோம், சேர்மனைக் குடியேற்றினோம், பாத்டப்பைத் தேய்த்துக் கழுவினோம், ஏஜென்ட் ஜனெல் வந்துவிட்டார்.

எங்களுடையது பழைய மரவீடு, தூண்மேல் நிற்கும், வாஷிங் மெஷின் எல்லாம் வீட்டுக்கு அடியில். ஜனெல் முதலில் அங்கேதான் போனார். கொஞ்ச நேரத்தில் தரைப் பலகை இடுக்கு வழியாக அவர் குரல் மேலே வந்தது.

"மேல யாரு குளிக்கிறீங்க?"

லாக்கிக்குப் பயம் வந்தால் உண்மையும் வந்துவிடும். "சேர்மன்ங்க" என்றான்.

நனைந்த தலையோடு அவர் படியேறி வந்தபோது மேஜைக்கு அடியில் குளம். நான் சேர்மனை வாளியில் பிடித்து மறுபடியும் பாத்டப்புக்கு ஓடினேன். திரும்பி வந்தால் ஜனெல் மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை, தொட்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்பு பெயிண்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே என் சிலிக்கான் தெரிந்தது. ப்ரான்ட்டி மிச்சத் தண்ணீரை இறைத்துவிட்டுத் தொட்டியைச் சாய்த்தாள். அடியில் நம் சங்கத்து ஸ்டிக்கர், அதற்குக் கீழே என் கையெழுத்தில் 'சேர்மன் இல்லம்'. தூக்கும்போதே லாக்கி ஸ்டிக்கரைப் பார்த்தானாம், 'அட, இதுவும் நம்ம சங்கத்து ஆளோடதுதான்' என்று சந்தோஷப்பட்டானாம்.

ஜனெல் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "பெயிண்ட் அடிச்சது நான்தான். தங்கமீன் விடலாம்னு எடுத்துட்டுப் போனேன். என் கார்ப்பெட் போச்சு. வெளிய வைக்கும்போது ஒழுகும்னு எழுதி ஒட்டணும்னுதான் இருந்தேன்."

"பேனா கிடைக்கலையா?" என்றேன்.

"கிடைக்கலை" என்றார்.

ப்ரான்ட்டி தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "நல்ல ஜோடி. ஒரே ஒழுகலை ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊருக்குத் தானம் பண்ணிருக்கீங்க."

ஜனெலின் அறிக்கையில் மீன் பேச்சே இல்லை. 'சாப்பாட்டு அறைத் தரை மிகச் சுத்தம்' என்று மட்டும் இருந்தது. இன்று காலை அவரே தன் முன்னாள் கணவரின் பெரிய தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். அந்த மனிதருக்கு இன்னும் தெரியாது, நீங்களும் சொல்லாதீர்கள். இந்தத் தடவை நான் திருந்திவிட்டேன், புல்லில் வைத்து விளிம்புவரை நிரப்பினேன், வெயில் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு சொட்டு வரவில்லை. ப்ரான்ட்டியும் இறங்கிவந்துவிட்டாள்: இன்று ஆறு மணிக்கு ட்யூட்டி முடிந்து வரும்போது பாத்டப் காலியாக இருந்தால் சேர்மன் நம்மோடு இருக்கலாம்.

விரிசல் தொட்டியை என்ன செய்வது என்றும் முடிவாகிவிட்டது. உடைக்க மாட்டோம் நெவில். நாளை ஞாயிறு எங்கள் வாசல் புல்லில் சங்கத்துக்கு சாசேஜ் விருந்து, அந்தத் தொட்டி நிறைய ஐஸ் கொட்டி அதில் பாட்டில்களைப் புதைக்கிறோம். உருகிய தண்ணீர் தானாக வடிந்துவிடும். இனி விரிசல் குறையில்லை, வசதி.

உங்கள் தண்ணீர் தெளிவாக இருக்கட்டும், உங்கள் பம்ப் நிற்காமல் ஓடட்டும், உங்கள் மீன்களுக்கு வீட்டை மாற்றி அமைக்கும் ஆசை வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஈரக் காலோடு,
கிர்ரா

பி.கு.: நெவில், அவசரம். புதுத் தொட்டியைக் காலி செய்து பழையதற்குப் பக்கத்தில் காய வைத்துவிட்டு, 'எடுக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டத்தான் பேனா தேடி உள்ளே வந்தேன். உடனே கிடைத்துவிட்டது. பேனா கையில் இருக்கும்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாமே என்று தோன்றியது. நடுவில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி கிளம்பியது, ஓட்டியவர் கையசைத்தார், நல்ல மனுஷர் போல என்று நானும் கையசைத்தேன். இப்போது புல்லில் ஒரு தொட்டிதான் இருக்கிறது. விரிசல் விட்டது. லாக்கி கையில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து எல்லாக் குழுவிலும் போடுங்கள், படிக்கிற எல்லோரும் பகிருங்கள். வாசலில் கிடந்த தொட்டியை யாராவது இன்று எடுத்திருந்தால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒழுகவில்லை என்றால் அது எங்களுடையது. ஆறு மணிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ப்ரான்ட்டி துண்டோடு வருகிறாள்.