மோடம் வேறு, ரவுட்டர் வேறு

எட்மண்டும் மகள் ஹெலினாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பழைய இன்டர்நெட் கம்பெனியின் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றியது.

"ரவுட்டரப் பிடிங்கப்பா, ஸ்க்ரூவ எடுக்குறேன்."

"மோடம்."

"சரிப்பா, பிடிங்க."

"இன்ஜினியர் வாயில இப்படி வரலாமா? தெருவுல வர்ற நெட்ட வீட்டுக்குள்ள கொண்டாறது மோடம். வந்ததப் பங்கு வைக்கிறது ரவுட்டர்."

அதற்குள் பெட்டி அவர் காலில் விழுந்திருந்தது.

வாசகரே, சொல்திருத்திகள் என்றோர் இனம் உண்டு. ஷாக் அடித்து 'ஒயர், ஒயர்!' என்று நாம் துடிக்கையில், மெயினை அணைக்காமல் 'ஒயர் இல்ல, கேபிள்' என்பவர்கள். விமானப்படைத் தளம் இருக்கும் லோஹேகாவில் தலைக்கு மேல் போர் விமானம் இரைந்தால், அது அடங்கும்வரை பொறுத்திருந்து, விட்ட எழுத்திலிருந்தே திருத்தத்தைத் தொடர்பவர்கள். இவர்களை யார் பெற்றார்கள்? தெரியாது. இவர்கள் பெற்றவர்களைத்தான் தெரியும்.

வியாழனன்று பெட்டியைக் கம்பெனியின் விமான் நகர் ஆபீசில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார் எட்மண்ட். புதனன்று அவர் இதயம் நின்றது. துக்கத்துக்கு வந்தவர் ஒருவர், "ஹார்ட் அட்டாக்காம்" என்றார். அட்டாக் வேறு, இதயமே நின்றுபோகும் அரெஸ்ட் வேறு. எட்மண்ட் திருத்தவில்லை. அப்போதுதான் ஹெலினா நம்பினாள்.

கம்பெனி நம்பவில்லை. எட்மண்ட் சார் இருக்கிறாரா, ரவுட்டர் எப்போது வரும் என்று தினமும் போன். அம்மா ஆரோக்கியமணி ஒவ்வொரு முறையும் இந்தியில், அவர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய்ச் சும்மா நிற்பாள். பெட்டியைக் கொடுத்தால் போன் நிற்கும். ஹெலினா கிளம்பினாள்.

"ரவுட்டர் வாபஸ்?" என்றார் கவுண்டர்க்காரர்.

"மோடம்."

"சிஸ்டத்தில் ரவுட்டர்தான் மேடம். ரவுட்டர் என்று போட்ட ரசீது இது, சைன் பண்ணுங்கள்."

ஒரே ஒரு கையெழுத்து. பின்னால் நீண்ட வரிசை. படித்த, நிதானமான பெண் என்ன செய்வாள்? 'தெருவில் வருகிற நெட்டை' என்று இந்தியில் ஆரம்பித்தாள்.

பெட்டி அவளோடு வீடு திரும்பியது.

மறுநாள் மறுபடி போன். ஹெலினா எடுப்பதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"அவர் இறந்துட்டார்" என்றாள், முதல்முறையாக. வைக்கப்போன போனை மீண்டும் காதுக்குக் கொண்டுபோனாள். "இன்னொண்ணு. அது ரவுட்டர் இல்ல. மோடம்."

பெட்டி இன்னும் கதவோரம் இருக்கிறது. இதுவரை 'பெட்டி' என்று வந்த இடத்திலெல்லாம் 'மோடம்' என்று மனத்துக்குள் திருத்திக்கொண்டுதானே வந்தீர்கள்? அப்படியானால் வரும் வியாழன் நீங்களே அதை விமான் நகருக்கு எடுத்துப் போங்களேன். பார்ப்போம், கையெழுத்துப் போடுகிறீர்களா என்று.