அசையும் பாகங்கள் வழக்கில் அத்தான் வென்ற விவரம்

என் மனைவியின் ஒரே தம்பியும் எனக்கு வாய்த்த ஆயுள்கால விமர்சகனுமாகிய மைத்துனனுக்கு,

நல்ல சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் உன் அத்தான் நாளது தேதியில் எழுதி அனுப்பும் வெற்றிக் கடிதம் என்னவென்றால்: இங்கு நானும் உன் அக்காவும் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் இல்லாவிட்டாலும் இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகவும்.

போன முறை நீ வந்திருந்தபோது என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "அத்தான், கார் கம்பெனிக்காரனோட மோதி உங்களால ஒண்ணும் கிழிக்க முடியாது" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? கிழித்துவிட்டேன். நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொல்கிறேன், கேள்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, ஊரார் வாங்கிய வீட்டுக்கும் விற்ற மனைக்கும் முப்பத்து நான்கு வருடம் பத்திரம் எழுதியவன் நான். அத்தனை வருடமும் உன் அக்கா பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போய் வந்தாள். ஓய்வு பெற்றதும் கார் வாங்கி, பக்கத்தில் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றிக்காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத்தில் கொடுக்கவில்லை, ஆனாலும் வாக்கு வாக்குதானே? கார் வந்தது. உட்கார்ந்தாள். எங்கள் தெருமுனை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள், "ஏங்க, இந்த வண்டி இப்படி ஆடுது! நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்" என்று இறங்கிவிட்டாள். வாக்கை விட முடியுமா? அவள் பஸ்ஸில் போக, நான் காரில் பின்னாலேயே போனேன். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து, "பஸ் நிறுத்தத்துல கார நிறுத்தக் கூடாதுன்னு தெரியாதா சார்?" என்றார். "என் சம்சாரம் அந்த பஸ்ஸுல இருக்கா. அது நின்னா நானும் நிக்கணும்" என்றேன். அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சண்டையெல்லாம் வீட்டுலயே முடிச்சுக்கங்க சார்" என்று அபராதச் சீட்டை நீட்டினார். அந்த அவமானத்தோடு நேராக ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே மேலாளர், கழுத்தை இறுக்கும் டையோடு இருந்தவர், உத்தரவாத அட்டையை எடுத்துப் போட்டார். "சார், வாரன்டி அசையும் பாகங்களுக்கு மட்டும்தான். இன்ஜின், கியர், சக்கரம், இந்த மாதிரி. டேஷ்போர்டு, கூரை, பம்பர் எல்லாம் அசையாத பாகம். அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். மைத்துனா, அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று எழுதி எழுதியே தேய்ந்த கை இது. என்னிடமா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தை வரிவரியாகப் படித்தேன். 'வண்டியின் அசையும் பாகங்கள் அனைத்துக்கும் மூன்று ஆண்டு உத்தரவாதம்.' அவ்வளவுதான்! எவை அசையும் பாகங்கள் என்று பட்டியல் கிடையாது! சொத்து விவரம் இல்லாத கிரயப் பத்திரம் எவனாவது எழுதுவானா? வாதம் எதுவும் பண்ணாமல், "உங்க ஒர்க்ஷாப் ஃபோர்மேனை ஒரு நடை என்கூட வண்டியில அனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன். நான்தான் ஓட்டினேன். என் பெயரில் பதிவான வண்டியை இன்னொருத்தர் கையில் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஃபோர்மேன் நடுவில், "சார், அந்தக் கியர் வந்து..." என்று இழுத்தார். "கியரப் பத்தி நான் புகாரே குடுக்கல. எது எது அசையுதோ அதை மட்டும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன். பாவம், பல் தந்தியடிக்க எழுதினார். டேஷ்போர்டு அசைகிறது, கூரை அசைகிறது, பம்பர் அசைகிறது என்று பதினோரு இனம். கீழே கையெழுத்து, தேதி, கம்பெனி முத்திரை. நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். வக்கீல் வைக்கவில்லை, எழுதத் தெரிந்தவனுக்கு வக்கீல் எதற்கு?

விசாரணை அன்று கம்பெனி வக்கீல் எழுந்து, "டேஷ்போர்டு எந்த அகராதிப்படியும் அசையும் பாகம் ஆகாது மேடம்" என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். ஆணையத் தலைவி என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நான் ஃபோர்மேன் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு, "அசையாத பாகம்னா அசையக் கூடாது மேடம். அசைஞ்சா அது அசையும் பாகம், வாரன்டி உண்டு. இல்ல, அது அசையாத பாகம்தான்னு சாதிச்சா, அதை அசையற மாதிரி செஞ்சு வித்தது அவங்க குற்றம். ரெண்டுல எதை ஒத்துக்கறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். வக்கீல் தண்ணீர் குடித்தார். தலைவி, வண்டியைத் தானே பார்ப்பதாகச் சொல்லி வளாகத்துக்கு இறங்கி வந்து பின் இருக்கையில் ஏறினார். அரைச் சுற்றுத்தான் ஓட்டியிருப்பேன். "போதும், போதும், நிறுத்துங்க!" என்றார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. இறங்கியதும், "வக்கீல் சார், இந்த வண்டியில அசையாத பாகம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பாப்போம்" என்றார். அவர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்து, நம்பர் பலகையைக் காட்டினார். "அது கம்பெனி குடுத்ததில்ல, வண்டிக்காரர் மாட்டினது" என்றார் தலைவி.

தீர்ப்பை அப்படியே தருகிறேன்: 'எதிர்த்தரப்பினர் அசையும் பாகங்கள் அனைத்தையும் மாற்றித் தரக் கடமைப்பட்டவர்கள். மேற்படி வண்டியில் அசையாத பாகம் எதுவும் காணப்படாததால், வண்டி முழுவதையுமே மாற்றித் தர வேண்டும்.' புது வண்டி நேற்று வாசலுக்கு வந்துவிட்டது. கூடவே மன்னிப்புக் கடிதமும் வந்தது. அதில் இரண்டு சந்திப்பிழை. சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். இன்று காலை திருத்திய நகல் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

உன் அக்கா புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். இன்னும் கால் மணி நேரத்தில் என் பக்கத்தில் உட்காரப் போகிறாள். இந்த ஒரு நாளுக்காகத்தான் மைத்துனா இத்தனை அலைச்சலும். சொல்லத் தெரியாத சந்தோஷமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உன் வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டவும். நாலு நகல் எடுத்து, ஒன்றை உன் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டவும். உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. அத்தானின் வெற்றிகளை இன்னும் பலகாலம் கண்டு வயிறெரிய நீ நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
ஒண்டியாக நின்று வென்ற உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் முன் உன் அக்காவை அழைத்துக்கொண்டு போய் வந்தேன். இரண்டாவது தெருவிலேயே புது வண்டியும் ஆடியது. டேஷ்போர்டு, கூரை, பம்பர், அதே பதினோரு இனம். "விடமாட்டேன், இன்னொரு மனு!" என்றேன். அவள் மெதுவாக, "ஏங்க, நாலாவது கியர்ல நத்தை மாதிரி போனா எந்த வண்டியும் ஆடத்தான் செய்யும்" என்றாள். அடிக்கடி மாற்றினால் கியர் தேய்ந்துவிடுமே என்று நான் கிளம்பியதும் நாலாவதில் போட்டு அப்படியே விட்டுவிடுவது வழக்கம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினாள். தம்பியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் உன் வண்டியில் பழகினாளாமே, அடப்பாவி! இடம் மாறி உட்கார்ந்தோம். அவள் ஓட்டினாள். ஒரு திருகாணி கூட அசையவில்லை. ஊரெல்லாம் அவள்தான் எனக்குச் சுற்றிக்காட்டினாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொல்லத்தான் இருந்தேன். கேஸ் கட்டைத் தூக்கிட்டுப் போறப்ப உங்க முகத்துல அப்படி ஒரு களை. வேலையை விட்டப்புறம் அன்னிக்குத்தான் அதைப் பாத்தேன். எப்படிங்க சொல்றது?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது கிடக்கட்டும். கம்பெனிக்காரன் மேல்முறையீடு செய்ய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. யாருக்கும் படித்துக் காட்டாதே, நகல் எடுக்காதே. படித்த கையோடு இதை அடுப்பில் போடு.