டிக்ஷனரி குடியேறிய கோபுரம்

பெங்களூரிலேயே அதிகமாகக் கோபப்பட்ட மனிதர், ஆபீஸில் நாங்கள் டிக்ஷனரி என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர்தான். டீ ஆறியிருந்தால் கோபம், சுட்டால் கோபம். யாராவது ஒரு சொல்லைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டால் அவர் கத்துவது எங்கள் ஆபீஸ் இருந்த ஹெப்பகோடி முழுக்கக் கேட்கும்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வெளிநாட்டுக் கம்பெனிக்காக எங்கள் ஆபீஸ் தயாரித்த கோட்டைச் சண்டை கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஆங்கிலத்தைத் திருத்துவது அவர் வேலை. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு பக்கமும் வெளியே போகாது.

இரண்டாயிரத்து ஒன்றில் வேலை குறைந்தது. கையில் வேலையில்லாத ஆறு பேரை மானேஜர் பேஸ்மென்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார். கம்ப்யூட்டர் கிடையாது. மணிக்கொரு முறை நோட்டில் கையெழுத்து. மாதக் கடைசிக்குள் ஏதாவது வேலையில் பெயர் ஏறாவிட்டால் வீட்டுக்கு. அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். போதாததற்குக் கதவில் 'டஞ்சன்' என்று பலகை வேறு. மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பலகையைப் பார்த்த டிக்ஷனரி படியிலேயே நின்று கத்தினார்.

"எவன்யா இத மாட்டினது? டஞ்சன்னா இன்னான்னு தெரியுமா?"

"அண்டர்கிரவுண்ட் ஜெயில், சார்" என்றார் மானேஜர்.

"அது பின்னாடி வந்த அர்த்தம்யா! பழைய பிரெஞ்சுல அது கோட்டைக்கு நடுவுல உசரமா நிக்கிற கோபுரம். லத்தீன்ல எஜமான்னு சொல்ற வார்த்தையிலருந்து வந்தது. எஜமான் இருந்த எடம்! அப்பறம் அவனுங்க சொகுசா அரமணைக்குப் போயிட்டானுங்க. காலி கோபுரத்துல கைதிங்கள அடைச்சானுங்க. வார்த்தையும் எறங்கி எறங்கி மண்ணுக்கடியில போயிடுச்சு."

"சரி சார், இப்ப அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? நான் எஜமான் கோபுரத்துக்குக் குடி போறேன்!"

நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டார். ஜெனரேட்டர் உறுமினால் அதையும் "ஏய், சும்னிரோ!" என்று கன்னடத்தில் சும்மா இருக்கச் சொல்லி அதட்டினார்.

விளையாட்டை அனுப்பவேண்டிய வாரம் அது. வேறு வழியில்லாமல் மானேஜரே காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு கீழே வந்தார். டிக்ஷனரி அதை ஏழாகப் பிரித்து, தனக்கொன்று வைத்துக்கொண்டு மற்றதை எங்கள் முன்னால் எறிந்தார். ஒரு கமாவுக்காக என்னைப் பதினான்கு தடவை முட்டாள் என்றார். கடைசியில் ஒப்புதல் தாளில் தன் பெயருக்கு மேலே எங்கள் ஆறு பேரின் பெயரையும் எழுதினார்.

"இவங்கள்லாம் எதுக்கு சார்?"

"பேர் ஏறினா வேலையில இருக்கான். நீ போட்ட ரூல்தானே? இத அடிச்சா என் கையெழுத்தும் கெடையாது."

மானேஜர் முகம் சுருங்கியது. நாங்கள் பிழைத்தோம்.

அடுத்த மாதம், "திருத்த ஆள் தேவையில்லை" என்று அவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு பேரும் மேலே போய்க் கத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை.

போகும்போது என் மேஜையில் இருந்த பக்கத்தை எடுத்துப் படித்தார். அதில் மூன்று தப்பு இருந்தது எனக்கே தெரியும். "சரியா கீது" என்று வைத்துவிட்டு நடந்தார்.

அவர் என்னைத் திட்டாத ஒரே நாள் அது. திட்டிவிட்டே போயிருக்கலாம்.