லெச்சுமி அக்கா மொட்டையடித்த ஆலா

என் பட்டப்படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனதற்குக் காரணம் என் சோம்பேறித்தனம்தான் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம்! காரணம் கருவாடு.

விலங்கியல் இறுதி வருடம். மன்னார் கடற்கரையில் நான்கு நாள் கள ஆய்வு. கடற்பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தால் மட்டும் போதாது. கரையில் செத்து ஒதுங்கியதில் ஒன்றைப் பதப்படுத்திக் கொண்டுபோய், அதன் இறகுகளைக் காட்டி இனத்தை விளக்கினால்தான் செய்முறைப் பரீட்சையில் பாஸ். மூன்று நாள் வெயிலில் கருகி (மலைநாட்டுத் தோலுக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்?) கடைசியில் ஆலா என்கிற வெள்ளைப் பறவை ஒன்றைக் கண்டெடுத்தேன். ஓர் இறகுகூடக் குறையவில்லை. வயிற்றைச் சுத்தம் செய்து, உப்படைத்து, பேப்பரில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்ததால் பசறைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்குப் போனேன். அதுதான் நான் செய்த மடத்தனம். பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் யார் கடல் பக்கம் போனாலும் பத்து வீட்டுக்கும் கருவாடு வாங்கி வர வேண்டும். நான் அதை அடியோடு மறந்திருந்தேன். லயம் மறக்கவில்லை. உப்பு வாடை வீசும் பார்சலை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா (அந்த மலையிலேயே அவரளவு வேகமாகக் கொழுந்து பறிக்க ஆள் கிடையாது) என் ஆலாவை மடியில் வைத்திருந்தார். மொட்டையாக.

"என்னக்கா செஞ்சீங்க!"

"கருவாடுன்னு பிரிச்சேன் தம்பி. பாத்தா ரெக்கையும் கிக்கையுமா கெடக்கு. ஒனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு சுத்தம் பண்ணிட்டேன். ஒன்னுகூட மிச்சமில்ல, தடவிப் பாரு!"

"அந்த ரெக்கைக்குத்தான்கா எனக்கு மார்க்கு!"

"ரெக்கைய யாருப்பா திம்பா?"

அம்மாவாவது எனக்காகப் பரிந்து பேசுவார் என்று திரும்பினேன்.

"அது கெடக்கட்டும். கருவாடு எங்கடா?" என்றார்.

இறகுகளை ஒரு பையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போனேன். விரிவுரையாளர் பையைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்ன இனம்?"

"முந்தாநாள் வரைக்கும் தெரிஞ்சது சார்."

அடுத்த வருடம் வரச் சொன்னார்.

இன்று நான் விஞ்ஞான ஆசிரியன். கடல் பக்கம் போனால் முதல் வேலையாகக் கருவாடு வாங்கிவிடுகிறேன். முதல் பார்சல் லெச்சுமி அக்காவுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் அதைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, பத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்:

"சுத்தம் பண்ணித்தான் கொண்டாந்திருக்கான். ஒரு வருசம் கூடுதலாப் படிச்ச புள்ளையாச்சே!"