தாமதமாக வரும் கணவர்கள் கவனத்துக்கு

உறையவைத்த கருவைக் கருப்பையில் வைக்கும்போது அது எதனால் தங்குகிறது, எதனால் தங்காமல் போகிறது என்று கண்டறிய அந்த மருத்துவமனை ஓர் உயர்மட்டக் குழுவை அமைத்தது. குழுவில் டாக்டரம்மாவைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு வேலை இருந்தது.

அவரைக் கேட்டிருந்தால், "முட்டை எடுத்தப்போ பொண்ணுக்கு என்ன வயசு, கரு எப்படி வளர்ந்திருக்கு, கருப்பையோட உள்சுவர் தயாரா இருக்கா, முக்கியமா இதுதான். மிச்சம் நம்ம கையில இல்லை" என்று சொல்லியிருப்பார். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார். கடைசி வாக்கியம் நிர்வாக அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. ஒரு நிறுவனத்தில் யார் கையிலும் இல்லாத ஒன்று இருப்பது ஒழுங்கீனம் அல்லவா? அந்த மிச்சத்தைக் கையில் எடுக்க அவரே தலைமை ஏற்றார்.

குழு, கரு தங்கிய பெண்களை மட்டும் விசாரித்தது. தங்காதவர்களைக் கேட்டு மனத்தைப் புண்படுத்துவதில்லை என்பது கொள்கை. ஒருத்தி வந்த அன்று லிஃப்ட் பழுதாகி மாடி ஏறியிருந்தாள். மறுநாளே நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை நிறுத்தினார்கள். இன்னொருத்தியின் கணவர் தாமதமாக வந்திருந்தார். கணவர்கள் தாமதமாக வர வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

இது எதுவும் தெரியாமல் கண்ணாடிக்கடைக்காரர் தம் மனைவி கணக்கு டீச்சரோடு காலையிலேயே வந்து நின்றார். முன்பு வைத்த கருக்கள் தங்கவில்லை. இனி இருந்தது ஒன்றே ஒன்று. வழியெல்லாம் இருவரும் அதைப் பற்றி மட்டும் பேசாமல் வந்தார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் ஸ்கேன் திரையில் கருப்பை தெளிவாகத் தெரியுமாம். டீச்சர் முட்டக் குடித்த வயிற்றோடு படியேறினாள். கணவரை வாசல் காவலாளி மறித்தார்.

"சார், உள்ளே போகாதீங்க. நீங்க இன்னும் வரலை."

"வந்து நிக்கிறேனே."

"அதான் தப்பு. தாமதமா வரணும்னு உத்தரவு."

"எவ்வளவு தாமதம்?"

"அதைச் சொல்லிட்டா, அப்புறம் நீங்க வேளைக்கு வந்த மாதிரி ஆயிடுமே."

நியாயம்தான் என்று பட்டது. நிர்வாக அதிகாரியே வந்து அவரைப் படிக்கட்டுக்கு அடியில் உட்காரவைத்து, "முழு ஒத்துழைப்புக்கு நன்றி" என்றார். மேலேயோ, கணவன் மனைவி இருவரும் பெயரைச் சொல்லி ஒப்புக்கொண்டால்தான் கருவை அறைக்குள் கொண்டுவருவார்கள். டீச்சர் படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஒருவழியாக விடுதலையாகி அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"கீழேதான் இருந்தேன்."

"கீழே என்ன பண்ணீங்க?"

"தாமதமாயிட்டு இருந்தேன்."

"ஒரு ஏரியையே வயித்துல கட்டிவச்சுப் படுத்திருக்கேன். உங்க குடும்பமே இப்படித்தான். உங்க அக்கா அவங்க கல்யாணத்துக்கே நேரத்துக்கு வரலை."

"எங்க அக்காவை எதுக்கு இழுக்கிறே?"

"திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா அசையாதீங்க."

கரு உள்ளே இறங்கியது; திரையில் மினுக்கென்று ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. சண்டை அப்படியே நின்றது. அவர் மெல்ல மனைவியின் கையைப் பிடித்தார். அவள் உதறவில்லை.

இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை நல்ல சேதி சொன்னது. உடனே குழு கூடியது. அடுத்த மாதமே அங்கே 'கருத்து வேறுபாட்டு அறை' திறக்கப்பட்டது. கைகோத்து வந்த தம்பதிகளை அதில் உட்காரவைத்தார்கள். சண்டைக்கு விஷயம் இல்லாதவர்களுக்கு மருத்துவமனையே விஷயம் எடுத்துக்கொடுத்தது. "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார் டாக்டரம்மா. "இல்லைன்னு தெரியற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும் டாக்டர்" என்றார் அதிகாரி.

கேள்விப்பட்டு டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். "அன்னைக்கு மழையும்தான் பெஞ்சுது. மழைக்கும் உத்தரவு போடுவாங்களோ?"

குழந்தை தவழும் வயதில், டீச்சரின் தங்கை அதே மருத்துவமனைக்குப் புறப்பட்டாள். அவளுக்கும் அதுதான் கடைசிக் கரு. கண்ணாடிக்கடைக்காரர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்க, டீச்சர் போனில் பாடம் நடத்தினாள்.

"டாக்டரம்மா சொல்றதை மட்டும் கேளுடி. வயசு, கரு, உள்சுவர். மத்ததெல்லாம் சுத்த மூடத்தனம். படிச்சவ நீ, நம்பாதே."

பிறகு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உன் வீட்டுக்காரரும் கூடவே வர்றாரா? கொஞ்சம் பின்னாடி வரச் சொல்லேன். வந்ததும் எதையாவது சாக்கு வச்சு ரெண்டு வார்த்தை திட்டிடு. நம்பிக்கைன்னு இல்லை. எதுக்கு வம்பு?"

கண்ணாடிக்கடைக்காரர் ஊட்டுவதை நிறுத்திவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"படியேறிப் போகச் சொல்லு" என்றார். "அதை விட்டுட்டியே."