மச்சம் வேலைக்குப் போகுது

நம்பலைன்னா போடி கண்ணாத்தா! பக்கத்து வீட்டுக்காரி நீ, ஒன்கிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? என் மக மச்சந்தான் இப்ப ஆபீஸ் போகுது.

மொதல்ல இருந்து கேளு. பிள்ளையார்பட்டி வரிசையில ஒருத்தி, "மாசமா இருக்கிற பிள்ளைக்கு வழிவிடுங்க"ன்னு எங்க ஈஸ்வரிய முன்னாடி தள்ளிவிட்டா. இவ கடைசிப் பிள்ளையப் பெத்துப் பதினாலு வருசமாச்சு! சும்மா சொல்லக்கூடாது, சாமியச் சீக்கிரம் பாத்துட்டோம். அன்னைக்கு மோதகம் கூட... அது கெடக்கட்டும். மறு மாசமே மதுரைக்குப் போயி, வயித்துல தொங்குன தோல வெட்டித் தைச்சுட்டு வந்துட்டா. இடுப்பச் சுத்திப் பட்டி, பக்கத்துல நீர் வடியக் குழாய். ஒரு மாசமாகியும் தையல் ஓரம் பிரிஞ்சு கசியுது. "படுத்தே இருக்கணும், இல்லாட்டி பிளந்துக்கிரும்"னுட்டாரு டாக்டரு.

லீவ நீட்டிக்க மருமகன் அழகுராஜா, இவ வேலை பாக்குற தாலுகா ஆபீசுக்குப் போனாரு. கண்காணிப்பாளர் சேவுகப்பெருமாள் பணிப்பதிவேட்டப் புரட்டுனாரு.

"அங்க அடையாளம், தொப்புளுக்குக் கீழ் ஒரு கருமச்சம். இருக்கா?"

"தோலோட வெட்டிட்டாகளே சார்."

"அப்பப் படுத்திருக்கிறது யாரு?"

"என் பொண்டாட்டி."

"அது ஒங்க சொந்த விசயம். ஆவணப்படி மச்சம் உள்ளவர்தான் ஈஸ்வரி."

எல்லாம் என்னால வந்தது. பள்ளிக்கூடத்துல சேக்கயில அடையாளம் கேட்டாக. மூக்குல இருக்கிற மச்சத்தச் சொன்னா நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கொறை சொல்வாகன்னு, வயித்துல உள்ளதச் சொல்லித் தொலைச்சேன்.

ஆஸ்பத்திரியில சோதனைக்குன்னு அந்தத் தோல மருந்துத் தண்ணியில போட்டு வச்சிருந்தாக. மருமகன் பாட்டிலோட வாங்கிக் கொண்டுபோய்க் காட்டுனாரு. சேவுகப்பெருமாள் கண்ணாடிய மாட்டிப் பாத்து, "அடையாளம் சரியாக உள்ளது"ன்னு எழுதிட்டு, எந்திரிச்சு நின்னு, "வாங்கம்மா ஈஸ்வரி, ஒடம்பு தேவலையா?"ன்னாராம். பாட்டில நாற்காலியில ஒக்கார வச்சாச்சு. லீவு மனு தள்ளுபடி. பணியில் இருப்பவருக்கு மருத்துவ விடுப்பு அவசியமில்லையாம்.

அன்னையில இருந்து பாட்டில் பத்து மணிக்குப் போகுது, ஆறு மணிக்கு வருது. இவளுக்கும் நிம்மதியாப் படுக்கக் கெடைச்சு, புண்ணு ஆறிப்போச்சு. நேத்து ஆசையா வேலைக்குப் போனா. "நீங்க யாரும்மா? அந்த எடத்துல ஆள் இருக்காக"ன்னு திருப்பி அனுப்பிட்டாக. பாட்டிலுக்கு நல்ல பேராம். எரிஞ்சு விழுகுறதில்ல, போன் பேசுறதில்ல, டீ குடிக்க எந்திரிச்சுப் போறதுமில்ல.

என்னடி சிரிப்பு? போன வாரம் பட்டா மாத்தப் போயிட்டு வந்து நீதான சொன்ன? "மறைப்புக் கண்ணாடிக்கு அங்குட்டு இருந்தவுக, ஒரு மணிநேரம் நான் சொன்னத மொகம் சுளிக்காமக் கேட்டுக்கிட்டாக"ன்னு?

மாப்பிள்ளை! மணி ஆறாச்சே, ஈஸ்வரி வந்துட்டாளா?

"நான் அடுப்படியிலதானம்மா இருக்கேன்!"

நீ சும்மா இருடி, ஒன்னைய யாரு கேட்டா? மாப்பிள்ளை, அவள வாசல்லயே வைக்காம உள்ள எடுத்துட்டு வாங்க!